போட்டு முடித்த ஊசி எங்கே போக வேண்டும்? டர்பன் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ ஒரு தமிழ் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால், பாலுக்குப் பக்கத்தில் இன்சுலின் இருப்பது புதிய காட்சி அல்ல. ஊசி போட்டுக்கொள்ளும் முறையை கிளினிக் நர்ஸ் பொறுமையாகக் கற்றுத் தருகிறார். போட்டு முடித்த ஊசியைப் பற்றிப் பேசுவதற்குள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்த ஊசி சமையலறைக் குப்பைக்குத்தான் போகிறது.

புதிதாக இன்சுலின் தொடங்கியவர்களுக்காகவும், சர்க்கரை நோயுள்ள பெற்றோரைத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கோவிலிலோ சங்கத்திலோ ஊசி சேகரிப்பு ஒன்றைத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஊசியைத் திருப்பிக் கொண்டுவர ஓர் இடம் வேண்டும், கொண்டுவருபவரை அங்கே யாரும் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பழைய ஊசி போட எவ்வளவு நல்ல மஞ்சள் பெட்டி வாங்கி வைத்தாலும் அது காலியாகவே நிற்கும்.

கறுப்புப் பையில் போட்டால்

குப்பை நாளன்று காலையில் கறுப்புப் பையை கேட்டுக்கு வெளியே வைக்கிறோம். லாரி வருவதற்கு முன்பே பாட்டில், டின் தேடிப் பிழைப்பவர்கள் வந்து பையை அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவுகிறார்கள். ஊசி முதலில் குத்துவது அவர்களைத்தான். அடுத்து பையைத் தூக்கி வீசும் மாநகராட்சித் தொழிலாளி. அவர் தொடையோடு உரசித்தான் பை லாரிக்குள் போகிறது. மறுசுழற்சிக்கான ஆரஞ்சுப் பையில் போட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் அதைப் பிரிப்பவர்களும் கையால்தான் பிரிக்கிறார்கள்.

கிளேர் எஸ்டேட்டின் பிசாசர் ரோடு குப்பைமேட்டை நம் ஆட்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இனவொதுக்கல் ஆட்சிக் காலத்தில், 1980இல், இந்தியர் குடியிருப்பின் மடியிலேயே அதைத் திறந்தார்கள். அந்த மேட்டைக் கையால் கிளறி வயிறு வளர்த்த ஏழைகள் எத்தனையோ பேர். நம் வாசலுக்குப் பக்கத்தில் ஊரார் குப்பையைக் கொட்டினார்கள் என்று கோபப்பட்ட நாம், நம் ஊசியை இன்னொருவர் கைக்கு எதிரே விட்டுவிடக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. கழிவுகளுக்கான 2008ஆம் ஆண்டுச் சட்டம் வந்த நாட்டில், மருத்துவமனை ஊசிகள் வீட்டுக் குப்பையோடு சேராமல் தனி மஞ்சள் பெட்டியில், உரிமம் பெற்ற நிறுவனத்தின் வண்டியில் போகின்றன. வீட்டில் ஊசி போடுகிறவருக்கு அந்தச் சங்கிலி தானாகக் கிடைப்பதில்லை, நாமே போய் அதில் சேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் பேனா வருவது 2024இல் தடைப்பட்டபின், பேனாவுக்குப் பழகிய பலர் மறுபடி குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் மாறியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு வேளை போடுகிறவருக்கு மாதம் 120 ஊசி. விரலைக் குத்திப் பார்க்கும் லான்செட் கணக்கில் வராமலே இவ்வளவு.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் பெட்டி. பெரிய பார்மசிகளில் மஞ்சள் நிற ஷார்ப்ஸ் பெட்டி, அதாவது ஊசி போன்ற கூரான கழிவுக்கான பெட்டி, விற்கிறார்கள். வாங்க முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாதவர்கள் ஜிக் ப்ளீச் பாட்டிலையோ, துணி மென்மையாக்கும் ஸ்டா-சாஃப்ட் பாட்டிலையோ கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். சுவர் தடிப்பாக இருக்க வேண்டும், மூடி திருகுமூடியாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது.

கோக், ஃபேன்டா பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பிளாஸ்டிக் மெல்லியது, ஊசி துளைத்துக்கொண்டு வந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம், குப்பை துழாவுகிறவர் தேடி எடுப்பதே அந்த பாட்டிலைத்தான். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி விழுந்த வேகத்தில் திறந்துகொள்ளும். கண்ணாடி ஜாடி உடையும்.

ஊசி போட்டுக்கொண்டவுடனே சிரிஞ்சை, மூடியைத் திரும்பச் செருகாமல், முழுசாக, ஊசி கீழே பார்க்கும்படி பாட்டிலுக்குள் விடுங்கள். வீட்டில் நடக்கும் குத்தல்களில் பெரும்பாலும் மூடி செருகும்போது நேர்வதையே பார்த்திருக்கிறேன். பேனா ஊசிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதைக் கழற்ற வெளி மூடி தேவை. மூடியை மேசைமேல் நிறுத்தி வைத்து, ஒரே கையால் பேனாவை அதற்குள் இறக்கித் திருகிக் கழற்றுங்கள். மற்றக் கை அந்தப் பக்கமே வர வேண்டாம். பேனாவில் ஊசியை மாட்டியபடியே மூடி வைக்கும் பழக்கமும் கூடாது, மருந்து கசியும், காற்று புகும்.

ஊசியை வளைக்காதீர்கள், உடைக்காதீர்கள், கத்தரியால் வெட்டாதீர்கள். டாய்லெட்டில் போடவோ, தோட்டத்தில் புதைக்கவோ வேண்டாம். கொல்லைப்புறத்தில் எரித்தாலும் பிளாஸ்டிக்தான் உருகும், சாம்பலுக்குள் கூர் அப்படியே இருக்கும்.

முக்கால் பாகம் நிறைந்ததும் நிறுத்துங்கள். இன்னும் இரண்டு கொள்ளும் என்று அழுத்தும் விரலில்தான் ஏறும். மூடியை இறுக்கித் திருகி, மேலே அகலமான டேப் சுற்றி, ஆங்கிலத்தில் ஷார்ப்ஸ் (SHARPS) என்றும் ஸூலுவில் இங்கோஸி (INGOZI) என்றும் பெரிதாக எழுதுங்கள். இங்கோஸி என்றால் ஆபத்து. அதை எடுக்கக்கூடியவர் என்ன மொழி படிப்பார் என்பதுதான் இங்கே கணக்கு. தமிழில் எழுதி ஒட்டினால் நமக்கு மட்டும்தான் புரியும்.

பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும்.

எங்கே கொடுப்பது

இன்சுலின் வாங்கும் கிளினிக்கிலேயே தொடங்குங்கள். மாதாந்திர மருந்து வாங்கப் போகும்போது, பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகாமல், முதலில் கேளுங்கள்: “வீட்டில் சேர்ந்த ஷார்ப்ஸை இங்கே திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எந்த நாளில், எந்தப் பாத்திரத்தில்?” சில இடங்களில் தங்கள் மஞ்சள் பெட்டியில் வந்தால்தான் வாங்குவார்கள், சில இடங்களில் இறுக மூடிய பாட்டில் போதும். ஒரு நர்ஸ் மறுத்தால் அந்த கிளினிக்கின் பொறுப்பாளரிடம் கேளுங்கள். விதி தெரியாமல் மறுப்பதும் உண்டு.

அடுத்து உங்கள் குடும்ப டாக்டர். எந்தத் தனியார் டாக்டரின் அறையிலும் ஒரு மஞ்சள் பெட்டி இருக்கும், அதை எடுத்துப்போக ஒரு நிறுவனமும் இருக்கும். வருடக்கணக்காக வரும் நோயாளியின் ஒரு பாட்டிலை வாங்கிக்கொள்ள மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். பார்மசியில் பெட்டி வாங்கினால், நிறைந்த பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தெருவில், பூங்காவில், கடற்கரையில் ஊசியைக் கண்டால்

நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நாம் வெறுங்காலில் நடக்கிறவர்கள். காவடி எடுத்து ரோட்டில் நடக்கிறோம், கோவில் திடலில் உட்கார்கிறோம். கருமாதிக்கும் பூசைக்கும் ப்ளூ லகூனில் உம்கேனி ஆறு கடலோடு சேரும் இடத்தில் தண்ணீரில் இறங்குகிறோம். மழை பெய்தால் ஊர் சாக்கடையும் மழைநீர்க் கால்வாயும் அடித்துக்கொண்டு வரும் அத்தனையும் அந்த முகத்துவாரத்தில்தான் ஒதுங்குகிறது. பெருமழைக்கு மறுநாள் அங்கே சடங்கு வைத்திருந்தால் தண்ணீர் விளிம்பு வரையிலாவது செருப்பைக் கழற்றாதீர்கள். ஐயர் வருத்தப்பட மாட்டார்.

ஊசி கண்ணில் பட்டால் குழந்தைகளை முதலில் அப்பால் அனுப்புங்கள். மூடியுள்ள கெட்டியான பாத்திரத்தை ஊசிக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் ஊசியைப் போட முயல வேண்டாம். நீளமான இடுக்கியால், பிராயில் இறைச்சி சுடும் இடுக்கியே போதும், சிரிஞ்சின் நடுப்பகுதியைப் பிடித்து, கூர்முனை உங்களைப் பார்க்காமல் தூக்கி, முனை முதலில் உள்ளே போகும்படி விடுங்கள். அந்த இடுக்கி இனி இறைச்சிப் பக்கம் திரும்பக் கூடாது. மூடி பக்கத்தில் கிடந்தாலும் செருக வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ரப்பர் கையுறை இரத்தம் படாமல் காக்கும், ஊசியைத் தடுக்காது. தடுக்கும் என்று நம்பி மணலைக் கையால் அளைபவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மணலைக் கிளற வேண்டியிருந்தால் வாரியால் கிளறுங்கள். நிறையக் கிடந்தால் தொடாமல் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.

குத்திவிட்டால்

பதற வேண்டாம், ஆனால் தள்ளியும் போட வேண்டாம்.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பிதுக்கி இரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது, ஜிக் ஊற்றுவது, மஞ்சள் அப்புவது எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ போங்கள். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது இன்னும் நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அது தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். உங்களுக்கு ஏற்கெனவே எச்ஐவி இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள், அது வழக்கமான முறைதான், அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெட்டனஸ் ஊசியையும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் பற்றிக் கேட்பார்கள். இந்த நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பட்டியலில் ஹெபடைடிஸ் பி சேர்ந்தது 1995இல். அதற்கு முன் பிறந்தவர்கள் போட்டிருக்கிறோமா என்று தெரியாமல் இருப்பதே வழக்கம், தெரியாது என்றே சொல்லுங்கள். குத்திய ஊசியைப் பரிசோதனைக்கென்று தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

எச்ஐவி உள்ளவருக்கு அப்போதுதான் போட்ட ஊசி மருத்துவமனையில் ஒரு நர்ஸைக் குத்தினாலே, தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. வெயிலில் காய்ந்து கிடந்த ஊசிக்கு அதைவிட மிகக் குறைவு. ஹெபடைடிஸ் வைரஸ்கள் இன்னும் கெட்டியானவை. சிரிஞ்சுக்குள் தேங்கிய இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வாரக்கணக்கில் தாங்கும். அதனால்தான் பயத்தில் உறைந்து வீட்டிலேயே இருந்துவிடுவதும், ஒன்றுமில்லை என்று துடைத்துவிட்டுப் போவதும் ஒரே அளவுக்குத் தவறு. இரவில் யாரிடமாவது கேட்க வேண்டுமானால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 0800 012 322 இருக்கிறது, கட்டணம் இல்லை.

கோவிலில், சங்கத்தில் தொடங்க நினைப்பவர்களுக்கு

பெட்டி வாங்குவதிலிருந்து தொடங்காதீர்கள். கடைசியிலிருந்து தொடங்குங்கள்: நிறைந்த பெட்டியை யார் எடுத்துப் போவார்கள்? உரிமம் பெற்ற மருத்துவக் கழிவு நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கும்வரை ஓர் ஊசியைக்கூடக் கையில் வாங்க வேண்டாம். எடுத்துச் செல்வதற்கு ரசீதும், அழித்ததற்குச் சான்றிதழும் தருவார்களா என்று கேளுங்கள். அது கோவிலின் கோப்பில் இருக்க வேண்டும்.

செலவு மலைக்கவைத்தால் வேறொரு வழியும் உண்டு, அதையே நான் முதலில் முயலச் சொல்வேன். பக்கத்து டாக்டர் ஏற்கெனவே ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் வைத்திருப்பார். கோவில் பணம் கொடுத்து ஒரு பெரிய பெட்டியை அவர் இடத்தில் வைக்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். கோவிலின் வேலை பாட்டில் கொடுப்பதும், மக்களுக்குச் சொல்வதும், நடக்க முடியாத முதியவர்களிடமிருந்து மூடிய பாட்டிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுமாகச் சுருங்கிவிடும்.

கோவிலிலேயே வைப்பதென்றால், பூட்டக்கூடிய அறை, நிலையான நேரம், பொறுப்புக்கு இரண்டு பேர். வெள்ளிக்கிழமை மாலை பூசைக்கு வரும் கூட்டத்தோடு ஒத்துப்போகும் நேரம் நல்லது. பணியாளர்கள் மூடிய ஷூ போட வேண்டும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வந்த பாட்டிலைத் திறக்கக் கூடாது, ஒன்றிலிருந்து இன்னொன்றில் கொட்டவே கூடாது. பாட்டிலோடு அப்படியே பெரிய பெட்டிக்குள் போகட்டும். பள்ளிப் பிள்ளைகளை இந்த வேலைக்கு அழைக்க வேண்டாம். பதிவேட்டில் தேதியும் பாட்டில் எண்ணிக்கையும் போதும். பெயர் எழுதும் கட்டம் இருந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

“என்ன வியாதி? யாருக்கு? எப்போதிருந்து?” என்று நம் ஊர் ஆன்ட்டிமார் அன்பினால்தான் கேட்பார்கள். இந்த மேசையில் அந்த அன்புக்கு இடமில்லை. “ஆன்ட்டி, இங்கே வையுங்க. மூடி இறுக்கமா இருக்கா? சரி, போயிட்டு வாங்க.” இவ்வளவு பேசினால் போதும். அங்கிளுக்கும், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வரும் பையனுக்கும் இதே வார்த்தைகள்தான்.

காவடி நாளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். தைப்பூசத்திலும், மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோவிலில் புனித வெள்ளியன்று கூடும் பெருங்கூட்டத்திலும் அலகு குத்திக்கொள்பவர்கள் பலர். குத்தும் இடத்தில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். ஆபத்து கழற்றும் இடத்தில்தான். ஊர்வலம் முடிந்து, அருள் இறங்கி, களைத்து நிற்பவரைச் சுற்றி ஐந்தாறு கைகள் ஒரே நேரத்தில் கொக்கிகளைக் கழற்றும். இரத்தத்தோடு கூடிய ஊசி தாம்பாளத்திலோ தரையிலோ விழும். மஞ்சள் பெட்டியை அங்கே, கழற்றுபவரின் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். ஒருவரைக் குத்திய ஊசியோ கொக்கியோ இன்னொருவர் உடம்பைத் தொடக் கூடாது. மஞ்சள் தண்ணீரும் எலுமிச்சையும் திருநீறும் பக்திக்கு உரியவை, அவற்றால் வைரஸ் சாகாது. குடும்பத்து வெள்ளி வேல் ஒன்றை ஒவ்வோர் ஆண்டும் குத்தப் பயன்படுத்துகிறவர்கள் அதை ஒருவருக்கென்றே ஒதுக்கி, டாக்டரிடம் கொடுத்து ஆட்டோக்ளேவில் கிருமி நீக்கி வைத்துக்கொள்ளட்டும்.

போதை ஊசி போடுகிறவர்கள் வந்தால்

வருவார்கள், வர வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் சுகர்ஸ் என்ற ஹெராயின் கலந்த போதைத்தூள் பிடித்து உலுக்காத தெரு எது? பெரும்பாலோர் அதைப் புகைக்கிறார்கள், சிலர் ஹெராயினை ஊசியில் ஏற்றுகிறார்கள். அவர்களுக்கென்றே டிபி எச்ஐவி கேர் என்ற தொண்டு நிறுவனம் 2015இல் டர்பனில் ஊசி பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. புது ஊசி கொடுப்பது, பழையதைத் திரும்ப வாங்குவது, எச்ஐவி பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டுவது என்று நடந்தது. பயன்படுத்திய ஊசிகள் சரியாக அகற்றப்படுவதில்லை என்று சொல்லி 2018இல் மாநகராட்சி அதை நிறுத்தியது. 2020இல்தான் மறுபடி தொடங்க முடிந்தது. அந்த ஆண்டின் கொரோனா ஊரடங்கு நாட்களில் உருவான பெல்ஹேவன் மையத்தில், ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்தான மெத்தடோன் சிகிச்சையும் கொடுத்தார்கள்.

தெருவில் ஊசி கிடக்கிறது என்பதற்காக ஊசியைத் திரும்ப வாங்கும் இடத்தை மூடியது தவறான முடிவு என்பது என் உறுதியான கருத்து. மூடினால் போதை நின்றுவிடாது. ஒரே ஊசியைப் பலர் பகிர்வார்கள், பயன்படுத்தியது கால்வாய்க்குப் போகும். பழைய ஊசியைக் கொண்டுவந்து கொடுக்கும் பையன் அந்த நிமிடத்தில் நம் தெருவுக்கு நல்லது செய்கிறான். அவனுக்கு உபதேசம் வேண்டாம், போலீஸ் வேண்டாம், அவன் அம்மாவுக்குப் போன் போட வேண்டாம். பாட்டிலை வாங்குங்கள். புது ஊசியும் பரிசோதனையும் எங்கே கிடைக்கும் என்று அச்சிட்ட ஒரு சீட்டை மேசையில் வைத்திருங்கள், எடுத்தால் எடுக்கட்டும். புது ஊசி கொடுப்பது கோவிலின் வேலை அல்ல, பயிற்சி பெற்ற குழுவின் வேலை. அந்தக் குழுவை முன்கூட்டியே அழைத்து நிர்வாகக் குழுவோடு ஒரு மணி நேரம் பேசவைத்தால், பின்னால் வரும் பாதிச் சண்டை வராது.

கமிட்டியில் யாராவது எதிர்ப்பார்கள். கோவில் வாசலில் போதைக்காரர்கள் கூடுவார்கள் என்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு கோவில் திடலைக் காலையில் ஒருமுறை இடுக்கியோடு சுற்றி வாருங்கள். எத்தனை ஊசி கிடைத்தது, எங்கே கிடைத்தது என்று எழுதிவைத்து, சேகரிப்பு தொடங்கியபின் மாதாமாதம் அதே பாதையில் சுற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். வாக்குவாதத்தைவிட அந்தத் தாள் பேசும்.

பெட்டி நினைத்ததைவிட சீக்கிரம் நிறைந்தால் நிறுவனத்துக்குப் போன் செய்து தேதியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், மேலே அமுக்க வேண்டாம். ஆள் இல்லாமலோ பணம் இல்லாமலோ சேகரிப்பை ஒரு மாதம் நிறுத்த வேண்டி வந்தால், நிறுத்துவதற்கு இரண்டு வாரம் முன்பே கேட்டில் அறிவிப்பு ஒட்டுங்கள். எந்தத் தேதியிலிருந்து இல்லை, அதுவரை எந்த கிளினிக்கில் அல்லது எந்த டாக்டரிடம் கொடுக்கலாம் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸூலுவிலும் தமிழிலும்.